பல இனமும் ஒரு நாட்டின் செழிப்பும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"பல இனத்தார் வாழும் நாடு முன்னேறுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் வட்டாரத்தின் கதையே போதும்.

1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ஈயச் சுரங்கத்தில் சீனர், கம்பத்து வயலில் மலாய்க்காரர், பின்னால் வந்த ரப்பர் தோட்டத்தில் நாம். எல்லாருடைய உழைப்பும் சேர்ந்துதான் மலாயா செழித்தது. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு இருப்பிடம் என்றே வாழ்ந்தோம். பால் வெட்டுகிறவன் மகனும் பால் வெட்டினால் போதும் என்பதுபோலத்தான் தோட்டப் பள்ளிகள் நடந்தன. எத்தனை டாக்டர்கள், எத்தனை என்ஜினியர்கள் லயத்திலேயே முடங்கிப் போனார்களோ! அது அந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமா நட்டம்? நாட்டுக்கே நட்டமல்லவா?

இப்படிப் பிரிந்து கிடந்ததில் யாருக்கு லாபம்? 1970-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். கம்பெனிப் பங்குகளில் நூற்றுக்கு 63 வெளிநாட்டார் கையில் இருந்தது. சீனருக்கு 27, பூமிபுத்ராக்களுக்கு 2, நமக்கு 1. அதற்கு முந்திய ஆண்டு, 1969 மே 13-இல், கோலாலம்பூரில் இரத்தம் சிந்தியவர்களோ உள்ளூர்க்காரர்கள்! ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அடிபட்ட பிறகு நாடு விழித்துக்கொண்டது. 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. எந்த இனமானாலும் வறுமையை ஒழிப்பது ஒரு நோக்கம். இந்த இனத்துக்கு இந்தத் தொழில் என்ற நிலையை மாற்றுவது இன்னொன்று. தீபகற்பத்தில் 1970-இல் நூற்றுக்கு 49 குடும்பங்கள் வறுமையில் இருந்தன. 1990-இல் அது சுமார் 15 ஆகக் குறைந்தது. ஆனால் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இருபது ஆண்டுகளிலும் நம் பங்கு 1-ஐத் தாண்டவில்லை.

இலங்கையைப் பாருங்கள். சுதந்திரம் பெற்றபோது ஆசியாவில் நல்ல நிலையில் இருந்த நாடு. 1948-இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார்கள். 1983-இல் தமிழரின் கடைகளும் தொழிற்சாலைகளும் எரிந்தன. 2009 வரை போர். பல இனங்கள் இருந்ததாலா கெட்டது? இல்லீங்க. ஓர் இனத்தின் முகத்தில் கதவைச் சாத்தியதால் கெட்டது.

ஆகவே பெற்றோர்களே, கதவு கொஞ்சம் திறந்தாலும் நுழைய நம் பிள்ளைகள் தயாராக இருக்க வேண்டும். புதுமுக வகுப்பில் தடுமாறுகிறான் என்று படிப்பை நிறுத்திவிடாதீங்க. தமிழோடு மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் படிக்கட்டும். பெருநாளுக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வது நல்லதுதான். தொழிலிலும் கூட்டாளியாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்று செம்பனைக் காட்டில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். நேற்று நம் தாத்தா நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களை இளப்பமாகப் பேசாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று வாங்கும் பரிசு உங்கள் அறிவுக்கு. நாளை உங்கள் அறிவு இந்த நாட்டுக்குப் பரிசாகட்டும்.