உயில் எழுத உரிய காலம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் பாட்டனார் உயில் எழுதியதில்லை. எழுதிவைக்க அவரிடம் சொத்தும் இல்லை, எழுத்தும் இல்லை. இன்று நம்மவரிற் பலர்க்குச் சிறு மனையும், தறியும், வங்கிச் சேமிப்பும் வாய்த்துள்ளன. ஆகவே அவர்க்குத் தேவைப்படாத ஓர் அறிவு நமக்குத் தேவைப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் மகளின் மாற்றுச் சான்றிதழ் கேட்டு என்னிடம் வந்தார். பதினோராம் வகுப்பில் நன்கு பயின்ற மாணவி அவள். தந்தை தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய மனையை, "இது இவள் படிப்புக்கு" என்று வாயாரச் சொல்லி வந்தார். எழுதிவைக்கச் சொன்னபோதெல்லாம், "ஆடித்தபசு கழியட்டும்" என்பார். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் அவர்க்கு இருந்தது. ஆடித்தபசு வந்தது; அவர் இல்லை. மணமாகித் தனிக்குடித்தனம் சென்றிருந்த இரு மகன்களும் தாயையும் தங்கையையும் வற்புறுத்தி, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெற்றனர். மாணவி தறிக்குச் சென்றாள். அச்சான்றிதழில் கையெழுத்திட்டபோது என் கை தயங்கியது.

சட்டம் அவளைக் கைவிட்டதா? இல்லை. மகளுக்கும் பங்கு வேண்டும் என்று இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவிற்காகப் போராடிய பாபாசாகேப் அம்பேத்கர், அது நிறைவேறாத நிலையில் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் வந்த 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் சொந்தச் சொத்தில் மனைவி, மக்கள், தாய் ஆகியோர்க்குச் சம பங்கு உண்டு. ஆனால் சட்டம் தலையை எண்ணிப் பங்கிடும். தேவையை எண்ணிப் பங்கிடாது. வேலையில் அமர்ந்த மகனும் பள்ளியிற் பயிலும் மகளும் அதற்கு ஒன்றே. தேவை அறிந்து பங்கிடுவது பெற்றவரின் கடமை. அதற்குரிய கருவியே உயில்.

எப்போது எழுதுவது? சென்னையின் பெருஞ்செல்வர் பச்சையப்ப முதலியார் 1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நோயுற்ற நிலையில் அறங்களுக்கென உயில் எழுதினார், அத்திங்களிலேயே மறைந்தார். வயது நாற்பதுதான். ஐயங்களை விளக்கவும் கணக்கை ஒப்படைக்கவும் அவர்க்கு நாள் இல்லை. வழக்குகள் நீண்டன. அப்பணத்திலிருந்து பள்ளி எழுந்தது 1842இல்! அங்கு நம் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது தனிக் கதை.

ஆகவே முதுமையோ நோயோ வரட்டும் என்று காத்திருத்தல் தவறு. நம் பெயரில் ஒரு பொருள் வந்த நாளே உயில் எழுதும் நாள். திருமணம், குழந்தைப் பிறப்பு, துணையின் மறைவு ஆகியவை அதனைத் திருத்தும் நாள்கள். எத்தனை முறையும் மாற்றலாம். முறையாக எழுதிய இறுதி உயிலே செல்லும். உயிருள்ளவரை சொத்து நம்முடையதே.

பதினெட்டு வயது நிறைந்து தெளிந்த மனமுடைய எவரும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை. கையொப்பமோ கைந்நாட்டோ இடுவதைக் கண்ட இருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் நம்மினும் இளையோராகவும், அவ்வுயிலால் பயன் பெறாதவராகவும் இருத்தல் நலம். பதிவு கட்டாயமன்று, எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது பிற்காலத்திற்குப் பாதுகாப்பு. முன்னதாகப் பட்டா யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். பாட்டனார் பெயரிலுள்ள மனை முழுவதையும் தனதென்று ஒருவர் எழுத இயலாது. பஞ்சமி நிலமோ அரசு ஒப்படைத்த மனையோ ஆயின், ஆணையிலுள்ள நிபந்தனைகளைப் படித்தறிதல் வேண்டும்.

இளைஞர்களே! எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் உள்ளனர். அவர்கள் அருகில் அமருங்கள். அவர்கள் விருப்பத்தை எழுதுங்கள், உங்கள் விருப்பத்தையன்று. எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உங்களுக்குத் தந்த எழுத்துக்கு இதுவும் ஒரு கைம்மாறு. படிப்பை நிறுத்த மாற்றுச் சான்றிதழ் கேட்டு இனியொரு தாய் என் மேசை முன் நிற்காதிருக்க வேண்டும் என்ற ஆசையோடு விடைபெறுகிறேன்.