சுழலும் இடத்தில் சுத்தம் வேண்டும்



ஜொகூரில் பயணம் செய்தவர்களுக்கு ஆயர் ஈத்தாம் தெரியாமல் இருக்காது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பழைய சாலையும், பத்து பஹாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் சாலையும் சந்திக்கும் ஊர் அது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை, சிங்கப்பூர் போகும் வண்டிகள் நின்று இளைப்பாறிய இடம். மண்பாண்டங்களும் தின்பண்டங்களும் அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன.

கெரிப்பிக் பொட்டலத்தை வாங்குபவர் எண்ணெயைப் பார்ப்பார், உப்பைப் பார்ப்பார், ஹலால் முத்திரையைப் பார்ப்பார். அந்த வாழைக்காயைச் சீவிய இயந்திரத்தின் ஷாப்டைத் தாங்கிச் சுழலும் பேரிங்கை யாரும் பார்ப்பதில்லை. தமிழில் தாங்கு உருளி என்று சொல்லப்படும் அந்தச் சிறு வளையம், உணவுக்கு மிக அருகில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. அதைத் தேர்ந்தெடுப்பது மெக்கானிக் கவலை என்று விட்டுவிட முடியாது. உணவு செய்பவரின் பொறுப்பு அது.

கழுவுவதில்தான் ஆபத்து

லாரியில் ஓடும் பேரிங்குக்கும் மாவு பிசையும் இயந்திரத்தில் ஓடும் பேரிங்குக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. லாரியை யாரும் தினமும் சோடா, குளோரின் ஊற்றிக் கழுவுவதில்லை. உணவு இயந்திரத்தை வேலை முடிந்ததும் அழுத்தமான நீரால் அடித்துக் கழுவியாக வேண்டும்.

அந்த நேரத்தில் பேரிங் சூடாக இருக்கும். குளிர்ந்த நீர் மேலே பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கும் காற்று, சீலின் ஓரத்தில் நிற்கும் நீரை உள்ளே இழுக்கிறது. இரவு முழுவதும் அந்த நீர் கிரீசோடு சேர்ந்து கிடக்கிறது; துரு பிடிக்கத் தொடங்குகிறது. சில வாரங்களில் சத்தம் வருகிறது, சீல் தேய்கிறது, கறுத்த கிரீஸ் கசிகிறது. ஷாப்டுக்கு நேர் கீழே மாவுத் தொட்டி இருந்தால் அது எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை.

கழுவும் நீர் எட்டாத இடம் இன்னொரு ஆபத்து. 2008-இல் கனடாவில் டொராண்டோவில் உள்ள ஓர் இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து லிஸ்டீரியா கிருமி பரவியது. உறுதி செய்யப்பட்ட நோயாளிகள் 57 பேர். 22 பேர் இறந்தார்கள் என்று 2009-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. சுத்தம் செய்ய முடியாதபடி இறைச்சி சீவும் இயந்திரங்களின் உட்புறத்தில் கிருமி தங்கியிருக்கக்கூடும் என்று தெரியவந்தது. பேரிங்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உணவுத் துணுக்கும் ஈரமும் சேரும் மறைவான மூலை எப்படிப்பட்டது என்பதற்கு அது பாடம். லிஸ்டீரியா குளிர்பெட்டியின் குளிரிலும் வளரும் கிருமி.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

கடைக்குப் போய் "அதே மாதிரி ஒன்று கொடுங்கள்" என்று கேட்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். பேரிங்கின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். உதாரணமாக 6205 என்று இருந்தால், கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்குங்கள். 25 மில்லிமீட்டர், அதாவது உள்ளே நுழையும் ஷாப்டின் விட்டம்.

அதன் பின்னால் வரும் எழுத்துகள்தான் முக்கியம். இசட் இசட் என்றால் இரு பக்கமும் இரும்புத் தகடு. தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். நீர் படும் இடத்துக்கு அதுவே ஏற்றது. சாதாரண ரப்பர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். பொரிக்கும் கொப்பரை, வேகவைக்கும் அடுப்பு பக்கத்தில் ஓடும் பேரிங்குக்கு வெப்பம் தாங்கும் வேறு ரப்பர் கேட்க வேண்டும். சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல். சூட்டில் உலோகம் விரிந்தாலும் இறுகிப் போகாது.

அடுத்தது எஃகு. வழக்கமான பேரிங் குரோம் எஃகு; வலிமையானது, ஆனால் துருப்பிடிக்கும். 440சி என்ற எவர்சில்வர் வகை துருவை நன்றாகத் தாங்கும். குளோரின், உப்பு, புளிப்பான அன்னாசிச் சாறு எல்லாம் நெடுநேரம் பட்டால் அதுவும் கறை பிடிக்கும். அதன் சுமை தாங்கும் திறனும் சற்றுக் குறைவு. பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும் என்பது கணக்கு. ஆகவே எவர்சில்வருக்கு மாறும்போது சுமையையும் பார்த்து அளவு தேர்வு செய்ய வேண்டும். பேரிங்கைத் தாங்கும் கூடும் கவனத்துக்குரியது. பெயின்ட் அடித்த வார்ப்பிரும்புக் கூட்டில் பெயின்ட் உரிந்து உணவில் விழலாம். பிளாஸ்டிக் கூடு அந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

கிரீசும் ஓர் உணவுப் பிரச்சினை

மோட்டார் கடைச் சிவப்பு கிரீஸ் உணவு இயந்திரத்துக்குக் கூடாது. தற்செயலாக உணவில் பட்டாலும் கேடு விளைவிக்காத கிரீசுக்கு எச்1 என்ற வகைக் குறியீடு உண்டு. 1999 முதல் அமெரிக்காவின் என்எஸ்எஃப் அமைப்பு இவற்றைப் பதிவு செய்து வருகிறது. அதிலும் அமெரிக்க விதிப்படி உணவில் கலக்கும் கனிம எண்ணெய் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகக் கூடாது. எச்1 என்று எழுதியிருப்பதால் கையால் அள்ளிப் பூசலாம் என்று பொருள் இல்லை.

ஜொகூருக்கு இது இன்னொரு விதத்திலும் முக்கியம். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த மாநிலம் இது. கனிம எண்ணெயில் உள்ள சில சேர்மங்கள் மரபணுவைப் பாதித்துப் புற்றுநோய் தரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இலும் 2023-இலும் எச்சரித்தது. அவை உணவில் கலக்கும் வழிகளில் இயந்திர எண்ணெயும் ஒன்று. பனையெண்ணெய் ஆலையில் கிரீஸ் சொட்டுவது வெறும் அழுக்கு அல்ல. ஏற்றுமதியைத் தொடும் கவலை.

ஹலால் கேள்வியும் உண்டு. கிரீசைக் கெட்டியாக்கச் சேர்க்கப்படும் கொழுப்பமிலம் விலங்கிலிருந்தும் வரலாம், செம்பனை, ஆமணக்கு போன்ற தாவரங்களிலிருந்தும் வரலாம். மலேசியாவின் எம்எஸ் 1500 ஹலால் தரம் இயந்திரங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஜாக்கிம் சான்றிதழ் வைத்திருப்பவர், தான் வாங்கும் கிரீசின் சான்றிதழையும் கேட்டு வைத்திருப்பது நல்லது.

இரண்டு வகை கிரீசைக் கலக்காதீர்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இளகி வழியும். உள்ளே உள்ள காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் பொதுவாகப் போதும். அதிகம் திணித்தால் சூடேறி சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எண்ணெய் ஊறிய திடப் பிளாஸ்டிக் உள்ளே நிரப்பப்பட்ட பேரிங்கும் உண்டு. அதற்கு மறுபடி கிரீஸ் போடத் தேவையில்லை. ஆனால் அதிக வேகத்துக்கும் சூட்டுக்கும் அது ஆகாது.

எந்த இடத்துக்கு எது?

எல்லா இடத்துக்கும் விலை உயர்ந்ததை வாங்க வேண்டியதில்லை. உணவுக்கு நேர் மேலே, நீர் அடிக்கும் இடத்தில் எவர்சில்வர், ரப்பர் சீல், எச்1 கிரீஸ். தொட்டிக்கு வெளியே, ஈரம் எட்டாத மோட்டார் பக்கத்தில் சாதாரண சீல் வைத்த பேரிங் போதும். இயந்திரம் வாங்கும்போதே பேரிங்கைத் தொட்டிச் சுவரிலிருந்து விலக்கி, நடுவில் இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கசிந்தால் தரையில் விழ வேண்டும், மாவில் அல்ல.

சந்தையில் போலிப் பேரிங்குகளும் உண்டு. பிரபல நிறுவனப் பெட்டி, பாதி விலை என்றால் சந்தேகப்பட வேண்டும். நம்பகமான முகவரிடம் ரசீதோடு வாங்கினால் பின்னால் கேள்வி கேட்க முடியும்.

ஒரு பேரிங்கில் மிச்சம் பிடிக்கும் சில வெள்ளி, ஒரு நாள் உற்பத்தி முழுவதையும் குப்பையில் கொட்ட வைக்கலாம். 2009-இன் உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, தான் விற்கும் உணவு பாதுகாப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமை தயாரிப்பாளருடையது. சின்னக் கடை, பெரிய ஆலை என்ற பேதம் கிருமிக்குத் தெரியாது.

இன்று மாலை இயந்திரத்தை நிறுத்தியதும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஷாப்டைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தாலோ, ஓரத்தில் கறுப்புப் பிசுக்கு இருந்தாலோ நாளைக்கு என்று தள்ளிப் போடாமல் மாற்றுங்கள். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கப் போவது எங்கோ ஒரு பள்ளிப் பிள்ளை.