மேட்டுக் கானும் பள்ளத்து வயலும்

(சங்கத்தின் கண்டி மாவட்டத் தோட்டத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொங்கல் முடிந்த கையோடு கூடியிருக்கிறோம். இன்றைய நிகழ்ச்சி நிரலில் சம்பளமும் இருக்கிறது, லயங்களின் நிலையும் இருக்கிறது. அவற்றைப் பற்றி மற்றத் தோழர்கள் பேசுவார்கள். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, வெள்ளத்தில் பயிர் இழந்தவர்கள் மறுபடி எழும்ப நம்முடைய சங்கம் என்ன செய்ய வேண்டும் என்பது. இந்தத் தலைப்பை அறிவித்ததும், "தோட்டத் தொழிற்சங்கத்துக்கும் கமக்காரனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி இந்த நாட்டில் 600க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. மாவட்டங்களில் ஆகக்கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது நம்முடைய கண்டி மாவட்டம். மலையில் மண் சரிந்தது, பள்ளத்தில் ஆறு ஏறியது. நாவலப்பிட்டி, கம்பளை, கெலிஓயா, பேராதனை என்று மகாவலி போகிற வழியெல்லாம் தண்ணீர். 1947ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றிக் கம்பளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தோம். இந்த முறை கண்ணால் பார்த்தோம்.

உயிரிழப்பையும் வீடிழப்பையும் பற்றி நிறையப் பேசப்பட்டது. பேச வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வயலில் தங்கிய மணலைப் பற்றிப் பேச்சு குறைவு. வெள்ளம் வந்தது பெரும்போகத்தின் தொடக்கத்தில். விதைத்து, நாற்று தலை தூக்குகிற நேரம். விதை போனது, போட்ட உரம் போனது, வரம்பு உடைந்தது, வாய்க்கால் தூர்ந்தது, சில இடங்களில் அணைக்கட்டே போனது. இப்போது அடுத்த கேள்வி சிறுபோகம். சித்திரைக்குள் வயலும் வாய்க்காலும் சரியாகாவிட்டால் ஒரு குடும்பம் ஒரு போகத்தை அல்ல, இரண்டு போகத்தை இழக்கும். இரண்டு போகம் இழந்தவன் கடனில் விழுவான். கடனில் விழுந்தவன் நிலத்தை விடுவான். ஆகவே நமக்கு இருக்கிற காலம் மிகக் குறைவு.

சரி, பயிர் இழந்தவர்கள் யார்? ஆற்றோரத்தில் மூன்று வகைப் பேர் இருக்கிறார்கள். முதலாவது, உறுதிப்பத்திரத்தோடு சொந்த வயல் உள்ள கமக்காரர். இரண்டாவது, வேறொருவருடைய வயலைப் பங்குக்குச் செய்கிறவர். கண்டிப் பக்கத்தில் 'அந்தே' என்று சொல்வார்கள். மூன்றாவது, நம்முடைய ஆட்கள். ஓடையோரத்திலும் லயத்துக்குப் பின்னாலும் தேயிலை இல்லாத மூலையிலும் போஞ்சி, லீக்ஸ், கோவா, கரட் போட்டு, காலையில் மலைக்குப் போவதற்கு முன்னும் பின்னேரம் வந்த பிறகும் கொத்துகிறவர்கள். வேலை நின்றுபோன வயதானவர்களுக்கு அந்தத் துண்டுதான் சீவனம். ஓய்வு பெற்ற எத்தனையோ அம்மாமார் மருந்துக் காசை அதிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

இந்த மூன்றாவது வகையை எந்தப் பதிவேட்டிலும் காணோம். தோட்டத்தின் செக்ரோலில் இவர்கள் தொழிலாளிகள். கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் இவர்கள் இல்லை. ஓடையோரத்தில் இருபது பேர்ச் மரக்கறி செய்த ஓர் அக்காவோடு நாங்கள் விண்ணப்பம் கொடுக்கப் போனோம். ஓர் அலுவலகத்தில் காணிப் பத்திரம் கேட்டார்கள். இன்னோர் அலுவலகத்தில் கமக்காரர் பதிவு இலக்கம் கேட்டார்கள். தோட்டத்தில் கடிதம் கேட்டால், "அந்தத் துண்டை நாங்கள் எழுத்தில் கொடுக்கவில்லையே" என்றார்கள். பன்னிரண்டு வருடம் கொத்திய நிலம், ஒரு நாளும் கொத்தாத நிலமாகிவிட்டது. அந்த அக்கா திரும்பி வரும்போது கேட்டது ஒன்றுதான்: "சேர், அப்ப ஆத்துல போனது யாரோட கோவா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் தேடினால் ஒரு நல்ல முன்மாதிரி கிடைக்கிறது. 1958இல் பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்தபோது நெற்காணிச் சட்டம் வந்தது. வயல் யாருடையது என்பது ஒரு கேள்வி, வயலைச் செய்கிறவர் யார் என்பது வேறு கேள்வி என்று அந்தச் சட்டம் பிரித்தது. பங்குக்குச் செய்கிறவருக்கு உறுதிப்பத்திரம் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு, அவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்திலும் அந்தக் குத்தகைக் கமக்காரருக்கு இடம் இருக்கிறது. அதாவது, பத்திரம் இல்லாமல் நிலம் செய்கிறவன் கமக்காரன்தான் என்பதை இந்த நாடு அறுபது வருடத்துக்கு மேலாக ஒத்துக்கொண்டிருக்கிறது. வயலுக்கு ஒத்துக்கொண்டதை மலைக்கும் ஒத்துக்கொள் என்பதுதான் நமது கோரிக்கை. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது நட்டஈட்டுக் கணக்கு. அரசாங்கம் நெல்லுக்கு ஹெக்டயருக்கு 150,000 ரூபாவும் மரக்கறிக்கு 200,000 ரூபாவும் அறிவித்தது. கேட்பதற்குப் பெரிய தொகை. ஒரு ஹெக்டயர் என்பது ஏறக்குறைய 395 பேர்ச். இருநூறாயிரத்தை 395ஆல் பிரித்தால் ஒரு பேர்ச்சுக்கு 500 ரூபா சொச்சம். இருபது பேர்ச் செய்த அக்காவுக்கு, எல்லாப் பத்திரமும் இருந்தாலும், கிடைப்பது பத்தாயிரம் ரூபா சொச்சம். பத்துப் பேர்ச் செய்தவருக்கு ஐயாயிரம் சொச்சம். இரண்டு பஸ் ஏறி மூன்று அலுவலகத்துக்கு நாலு தடவை போய், அதற்காக நாலு நாள் பேர் இழந்தால், கையில் என்ன மிஞ்சும்? பலர் விண்ணப்பம் போடாமலே விட்டதற்கு இதுதான் காரணம், சோம்பல் அல்ல. இந்தக் கணக்கு நமக்கு மட்டுமல்ல, கம்பளைக்குக் கீழே அரை ஏக்கர் செய்கிற சிங்களக் கமக்காரருக்கும் முஸ்லிம் கமக்காரருக்கும் அதே கணக்குத்தான். ஆகவே, பயிர் செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், நிலம் எவ்வளவு சிறிதானாலும், ஒரு குறைந்தபட்சத் தொகை வேண்டும் என்று கேட்போம். அதை அவர்களோடு சேர்ந்து கேட்போம்.

"சேர்ந்து" என்கிற சொல்லைக் கவனமாகச் சொல்கிறோம். கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் பழைய காயம் இருக்கிறது. எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் என்ற பெயரில் இந்தக் கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம்முடைய ஆட்கள் விரட்டப்பட்டதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த நவம்பர் இரவுகளுக்குப் பிறகு பன்சலையிலும் பள்ளிவாசலிலும் கோவிலிலும் எரிந்த அடுப்பில் யாருக்கு என்று கேட்டுச் சோறு போடவில்லை. அந்த அடுப்பு அணைவதற்குள் ஒரு வேலையில் இறங்க வேண்டும்.

என்ன வேலை? இங்கேதான் "தொழிற்சங்கத்துக்கு என்ன சம்பந்தம்" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதில் கான்.

கான் வெட்டு நம்முடைய அப்பா, தாத்தா செய்த வேலை. மலையில் குறுக்காகக் கான் வெட்டி, மழைத்தண்ணீரை மெதுவாக நடத்தி, மண்ணைக் கானுக்குள்ளேயே பிடித்து, மறுபடி அள்ளித் தேயிலைத் தூருக்குப் போடுவது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் தோட்டங்களில் முதலில் வெட்டப்படுவது இந்த வேலைதான். கொழுந்து இன்றைக்கே காசு தரும், கான் தராது. கான் தூர்ந்தால் தண்ணீர் நேராக இறங்கும். இறங்குகிற தண்ணீர் மண்ணையும் கொண்டு போகும். அந்த மண் ஓடைக்கு, ஓடையிலிருந்து கொத்மலை ஓயாவுக்கு, அங்கிருந்து மகாவலிக்கு, கடைசியில் யாரோ ஒருவருடைய வயலுக்கு. இவ்வளவு பெரிய மழைக்குக் கான் மட்டும் தடை போட்டிருக்கும் என்று சொல்ல வரவில்லை. அந்த மழைக்கு எந்த மலையும் தாங்காது. ஆனால் வருடா வருடம் வருகிற சாதாரண மழைக்கு ஆற்றின் படுகை மேடாவதற்கும், அடுத்த வெள்ளம் இன்னும் கொஞ்சம் உயர்வதற்கும் தூர்ந்த கான்களுக்குப் பங்கு உண்டு. மேட்டில் கான் அடைபட்டால் பள்ளத்தில் வயல் மூடும்.

மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, கான் இல்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் கான் வெட்டைத் திரும்பத் தொடங்கு என்று நிர்வாகத்திடம் கேட்போம். ஒன்றை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கான் வெட்டு சிரமதானம் அல்ல. அது பேர் போட்டு, முழுச் சம்பளத்தோடு செய்ய வேண்டிய வேலை. "வெள்ள நிவாரணம்" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை இலவசமாக வெட்டச் சொன்னால் ஒருவரும் மண்வெட்டி தூக்கக் கூடாது. இந்த ஒரு கோரிக்கையில் நமக்கு வேலை நாள் கூடுகிறது, கீழே உள்ளவருக்கு வயல் மிஞ்சுகிறது. கமக்காரர் அமைப்புகளும் நம்மோடு நின்று இதைக் கேட்டால் நிர்வாகத்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

நாம் இலவசமாகக் கொடுக்கக் கூடிய உழைப்பு வேறு. சிங்களக் கிராமங்களில் 'அத்தம்' என்று ஒரு பழக்கம். இன்றைக்கு உன் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீ. விரும்புகிற இளைஞர்கள் மாதத்தில் இரண்டு ஞாயிறு பக்கத்துக் கிராமத்து வாய்க்காலில் இறங்கட்டும். அவர்கள் ஒரு ஞாயிறு நம் லயத்துக்குப் போகிற பாதையில் இறங்கட்டும். போவதற்கு முன் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, மண்ணில் வெடிப்பு கண்ட சரிவுக்குக் கீழே, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு, வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் இருப்பவர்கள் இறங்க வேண்டாம். மற்றவர்கள் முதலிலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பார்த்து, தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேட்க வேண்டும். சேற்றில் இறங்கிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் பெனடோல் போட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று, எல்லா மண்ணும் ஒரே மண் அல்ல. மெல்லிய வண்டல் படிந்திருந்தால் உழுது கலந்துவிடலாம், பயிருக்கும் நல்லது. முழங்கால் அளவு ஆற்றுமணல் என்றால் அள்ளித்தான் தீர வேண்டும். எதை அள்ளுவது, எதை விடுவது என்று விவசாயப் போதனாசிரியரைக் கூட்டி வந்து கேட்போம். விவசாயத் திணைக்களம் பேராதனையில், நம் காலடியில்தான் இருக்கிறது. வயல் தயாராகப் பிந்தினால் இரண்டரை மாதத்தில் விளையும் பிஜி 250 போன்ற குறுகிய கால நெல்லுக்கு விதை கிடைக்குமா என்றும் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

சிலருடைய துண்டு திரும்பி வரவே வராது. ஓடை திசை மாறி நிலத்தையே கொண்டு போய்விட்டது, அல்லது இனிமேல் அங்கே கொத்துவது ஆபத்து. அவர்களுக்குக் காடாகிக் கிடக்கும் தேயிலை மலைகளில் மாற்றுத் துண்டு வேண்டும். இந்த முறை வாய்ச்சொல்லில் வேண்டாம், எழுத்தில் வேண்டும். தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்தின் காணி, கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. ஆகவே கம்பனியிடம் மட்டும் கேட்டுவிட்டு நிற்காமல் பிரதேச செயலகத்திடமும் கேட்க வேண்டும். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வந்து வேலை செய்ய முடியாது என்று சொல்லிய காலம் 2018 சட்டத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது. தோட்டத்துக்குள் உடைந்த பாலத்துக்கும் பாதைக்கும் நம் உறுப்பினர்கள் சபையில் கேள்வி எழுப்ப வேண்டும். மரக்கறி விளைந்தாலும் பாதை இல்லாவிட்டால் சந்தைக்குப் போகாது.

இனி, நீங்கள் தோட்டத்துக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பட்டியல். தோட்டத்துக்கு ஒரு கொப்பி. அதில் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த மலை, எந்த ஓடையோரம், எத்தனை பேர்ச், என்ன பயிர், எத்தனை வருடமாக, என்ன நட்டம், படம் இருக்கிறதா. பக்கத்தில் கொத்துகிற இரண்டு பேருடைய சாட்சிக் கையெழுத்து. செய்கிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்து, கொத்துகிறவருடைய பெயரையே எழுதுங்கள். அக்கா கொத்திய துண்டுக்கு அண்ணன் பெயர் போட வேண்டாம். தோட்டக் கமிட்டித் தலைவர் ஒப்பம் வைத்து ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று கமநல சேவை நிலையத்துக்கு, ஒன்று சங்கத்துக்கு. கொடுத்ததற்குத் திகதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்ப வேண்டாம். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத எங்களைப் போல ஆசிரியர்கள் ஞாயிறு காலைகளில் தோட்டப் பாடசாலையில் இருப்போம். உயர்தரப் பிள்ளைகளையும் அழைத்து வருவோம்.

இந்தக் கொப்பிகள் மாசி மாதக் கடைசிக்குள் சங்கத்துக்கு வர வேண்டும். அதன் பிறகு கமக்காரர் அமைப்புகளோடு சேர்ந்து கண்டி மாவட்டச் செயலகத்துக்குப் போவோம். கையில் மூன்று கோரிக்கை இருக்கும்: பத்திரம் பார்க்காமல் பயிர் செய்தவருக்கு நட்டஈடும் பதிவும், சிறு துண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை, எல்லாத் தோட்டத்திலும் சம்பளத்தோடு கான் வெட்டு. கொப்பி இல்லாமல் போனால் இது வெறும் கோஷம். கொப்பியோடு போனால் கணக்கு. கணக்குக்குப் பதில் சொல்லாமல் அனுப்புவது எந்த அதிகாரிக்கும் சுலபமல்ல.