எதுவும் சேர்க்காத ஒயின்



திராட்சைப் பழத்தோலிலும் அதை நொதிக்க வைக்கும் கூடத்திலும் ஈஸ்ட் தானாகவே இருக்கிறது. சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்ற அதுவே போதும். ஆனாலும் கடைக்கு வரும் பெரும்பாலான ஒயினில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஈஸ்ட்டும், கெடாமலிருக்கக் கந்தக டை ஆக்ஸைடும் சேர்கின்றன.

இவை இல்லாமல் முடியாதா என்று கேட்டவர் ஓர் அறிவியலாளர். பிரான்சின் போஜொலே பகுதியைச் சேர்ந்த ழூல் ஷோவே, 1907இல் பிறந்தவர்; ஒயின் வணிகர், வேதியியல் அறிந்தவர். ஈஸ்ட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அவர், பழம் நன்றாயிருந்தால் கந்தகம் இல்லாமலே நல்ல ஒயின் செய்யலாம் என்றார். 1980களில் வில்லியே-மோர்கோன் ஊரின் மார்செல் லப்பியேர் அதைத் தம் தோட்டத்தில் செய்துகாட்டினார்.

சும்மா விட்டுவிட்டால் ஒயின் ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். இதில்தான் வேலை கூடுதல். களைக்கொல்லி கிடையாது. பழத்தைக் கையால் பறிக்க வேண்டும். அழுகியதைப் பார்த்துப் பார்த்துக் கழிக்க வேண்டும். போஜொலேயில் கமே திராட்சையைக் கொத்தோடு தொட்டியில் இடுவார்கள். கரியமில வாயு நிறைந்த அந்தத் தொட்டியில், முழுப் பழத்துக்குள்ளேயே நொதிப்பு தொடங்கிவிடும். தொட்டியும் குழாயும் துளி அழுக்கில்லாமல் இருக்க வேண்டும். அசந்தால் பாக்டீரியா புகுந்து ஒயினைக் காடியாக்கிவிடும். சில சமயம் குடித்தபின் தொண்டையில் எலி வாடை தங்கும். அந்த வாடையையும் இயற்கையின் குணம் என்று சிலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெட்டது கெட்டதுதான். ஷோவே தேடியது பழத்தின் தூய மணத்தை.

இன்னொன்று: நொதிக்கும்போது ஈஸ்ட்டே சிறிதளவு கந்தக டை ஆக்ஸைடை உண்டாக்கும். அதனால் 'கந்தகம் சேர்க்காத ஒயின்' என்பதைக் 'கந்தகமே இல்லாத ஒயின்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்படிச் செய்வதை இயற்கை ஒயின் என்பார்கள்; ஆனால் எது இயற்கை ஒயின் என்பதற்கு நெடுங்காலம் வரையறை இல்லை. பிரான்சில் 2020இல்தான் 'வேன் மெத்தோத் நத்யூர்' என்ற முத்திரை வந்தது. இயற்கை வேளாண் சான்று பெற்ற பழம், கைப்பறிப்பு, பழத்தோடு வந்த ஈஸ்ட், இவை கட்டாயம். கந்தகம் சேர்த்தால் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் அளவு 150.

ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் உள்ளதுபோல, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒயினும் சொல்ல வேண்டும் என்ற விதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அது மிகவும் தாமதம்.