பூட்டும் அயலும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது பழமொழி. தனி வளை கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? அவ்வளையை அடுத்துள்ள படிக்கட்டும் நடையும் முற்றமும் யாருடையவை? அங்கே அந்நியன் ஒருவன் புகுந்து விளக்கை நொறுக்கினால், கதவைப் பெயர்த்தால், ‘யார் நீ?’ என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? சொந்த வளவில் வாழ்பவனுக்கு இக்கேள்வி எழுவதில்லை. அவனுடைய வேலியே விடை கூறிவிடும். மாடிக் குடியிருப்பிலே வாடகைக்கு இருப்பவனுக்கோ இது நாள்தோறும் எழும் கேள்வி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் சென்ற் லூயிஸ் நகரம், பெரும் பொருளையும் பல குடும்பங்களின் நிம்மதியையும் இழந்த பின்னரே இதற்கு விடை காணத் தொடங்கியது.

அந்நகரில் 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே ‘புரூயிற் ஐகோ’ என்னும் குடியிருப்பு எழுந்தது. பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். அவற்றிலே 2,870 வீடுகள். மினோரு யமசாக்கி என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அவற்றை வகுத்தார். மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நில்லாது. இடையிடையே சில மாடிகளில் மட்டுமே நிற்கும். அம்மாடிகளிலே நீண்ட தாழ்வாரங்கள் அமைந்தன. அங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள், தாய்மார் கூடிப் பேசுவார்கள் என்பது வகுத்தோரின் எண்ணம்.

நடந்ததோ வேறு. தாழ்வாரத்து விளக்குகள் உடைக்கப்பட்டன. தபாற் பெட்டிகள் பிளக்கப்பட்டன. மின்தூக்கிகள் மலசலகூடம்போல் நாறின. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லவும் கடைக்குப் போய்வரவும் பெண்கள் கூட்டாகவே வெளியே புறப்பட வேண்டியதாயிற்று. ஈற்றில், 1972இல் அக்கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர். 1976இல் அவ்விடம் வெறுந் தரையாயிற்று.

இவ்வழிவை அருகிருந்து கண்டவர் ஒஸ்கார் நியூமன். அந்நகரின் பல்கலைக்கழகமொன்றிலே கற்பித்தவர். அவர் கண்ட காட்சி வியப்புக்குரியது. நூற்றைம்பது குடும்பங்கள் பொதுவாகப் பயன்படுத்திய நுழைவாயில் பாழ்பட்டுக் கிடந்தது. இருபது குடும்பங்களுக்குப் பொதுவான நடையும் அவ்வாறே. ஆனால் இரண்டு குடும்பங்கள் மட்டுமே பயன்படுத்திய சிறு நடை துப்புரவாக இருந்தது! கதவைத் திறந்து உள்ளே சென்றால், வீடுகளும் ஒழுங்காகவே பேணப்பட்டிருந்தன. வீதிக்கு எதிர்ப்புறத்தில் ‘கார் ஸ்குயர்’ என்னும் தாழ்ந்த வரிசை வீடுகள் இருந்தன. அங்கும் அதே நிலையிலுள்ள ஏழைக் குடும்பங்களே வாழ்ந்தன. அங்கு இத்தகைய அழிவு நேரவில்லை.

காரணம் எளிது. இருவர் பங்குகொள்ளும் படியில் மூன்றாமவன் கால்வைத்தால் அவன் அந்நியன் என்பது உடனே தெரியும். நூற்றைம்பது குடும்பங்கள் நடமாடும் வாயிலிலே உறவினன் யார், கள்வன் யார் என்று எவர் அறிவார்? எல்லாருக்கும் உரிய இடம் எவரும் கவனியாத இடமாகிவிடுகிறது.

ஆயினும், பழி முழுவதையும் கல்லின்மீதும் சுண்ணாம்பின்மீதும் சுமத்துதல் நீதியன்று. பராமரிப்புச் செலவைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே எடுக்கவேண்டுமென விதித்திருந்தனர். வீடுகள் வெறுமையாக, வருவாய் குறைந்தது, திருத்த வேலைகள் தடைப்பட்டன, வாடகை ஏறியது. 1969இல் அந்நகரின் பொதுக் குடியிருப்பாளர் வாடகை செலுத்த மறுத்து மாதக்கணக்கில் போராடினர். அவ்வாண்டின் இறுதியிலே, பொதுக் குடியிருப்பின் வாடகை குடும்ப வருமானத்தின் காற்பங்கை மிஞ்சலாகாது என்று நாட்டின் சட்டமன்றம் விதித்தது.

அதே நகரிலுள்ள ‘கொக்ரன் கார்டன்ஸ்’ என்னும் மாடிக் குடியிருப்பும் அழிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அங்கு வளர்ந்த பேர்த்தா கில்க்கி என்னும் இளம்பெண் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவியானார். அவர் பெரிய திட்டம் எதனையும் முன்வைக்கவில்லை. பாழாக்கப்பட்டிருந்த பொதுச் சலவை அறையை முதலில் சீராக்கினார்கள். அதற்குக் கதவு வந்தது, பூட்டு வந்தது. பின்பு நடைகளுக்கு வர்ணம் பூசினார்கள். அந்தந்த மாடியை அந்தந்த மாடியினரே பூசவேண்டும் என்பது ஏற்பாடு. பூச இயலாத முதியோர் உழைத்தவர்களுக்கு உணவு சமைத்தனர். பூசாத மாடிகளிலிருந்த பிள்ளைகள், பூசிய மாடிகளைப் பார்த்துவிட்டு வந்து பெற்றோரை நச்சரித்தனர். தாங்களே அழகுபடுத்திய சுவரில் கீறுவதற்கு எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? 1976இல் அக்குடியிருப்பின் நிருவாகமே குடியிருந்தோர் கையில் ஒப்படைக்கப்பட்டது.

அந்த நிருவாகமும் நிலைத்திருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு முடியுமுன்னர் அது அவர்கள் கையைவிட்டு அகன்றது. பின்னர் அம்மாடிகளும் இடிக்கப்பட்டன. ஒருமுறை பெற்ற காவல் என்றென்றைக்கும் போதாது என்பதனை இது காட்டுகின்றது. தலைமுறைதோறும் அதனைப் புதுப்பிக்க வேண்டும்.

வாடகை வீட்டுக்குக் காவல் எது? வலிய பூட்டு வேண்டும். அணையாத விளக்கு வேண்டும். உடைந்ததை உடனே திருத்தும் நிருவாகம் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுதல் குடியிருப்போரின் உரிமை. ஆனால் அடுத்த வீட்டாரின் பெயரை அறிந்திருத்தல், அவர்கள் இல்லாத வேளையில் அவர்களுடைய கதவிலும் ஒரு கண் வைத்திருத்தல், படியிலே நிற்கும் புதியவனிடம் ‘யாரைத் தேடுகிறீர்கள்?’ என்று பணிவோடு கேட்டல் ஆகியவற்றை எந்த நிருவாகமும் செய்து தரமாட்டாது. பூட்டு ஒரு கதவைக் காக்கும். பொறுப்புள்ள அயலோ படிக்கட்டு முழுவதையும் காக்கும்.