643-ஆவது பெயர்



பிரான்சில் லிமோஜ் நகருக்குப் பக்கத்தில் ஒரதூர்-சூர்-கிளான் என்றொரு கிராமம். 1944 ஜூன் 10, சனிக்கிழமை. நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கி நான்கே நாள். பிற்பகலில் ஹிட்லரின் எஸ்.எஸ். படை ஊரை வளைத்தது. அடையாள அட்டை பார்க்கவேண்டும் என்று சொல்லி எல்லோரையும் சந்தைத் திடலுக்கு வரவழைத்தார்கள். ஆண்களைக் களஞ்சியங்களில் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்தில் பூட்டிக் கொளுத்தினார்கள். அங்கிருந்து ஒரே ஒரு பெண்மணிதான் சன்னல் வழியே குதித்துப் பிழைத்தார். மாண்டவர்கள் 642 பேர் என்று கணக்கெழுதினார்கள்.

1945 மார்ச்சில் பிரெஞ்சு அரசின் தலைவர் தெ கோல் வந்து பார்த்தார். இந்த ஊரைத் திரும்பக் கட்டவேண்டாம், இடிந்தது இடிந்தபடியே நிற்கட்டும் என்று முடிவானது. 1946-இல் அதை வரலாற்றுச் சின்னமாக்கினார்கள். குடியிருக்கப் பக்கத்திலேயே புது ஊர் எழுந்தது.

இன்று போகிறவர்கள் கூரையில்லாத வீடுகளுக்கு நடுவே நடக்கிறார்கள். சுவரோரம் துருவேறிய தையல் மிஷின். தெருவில் டிராம் தண்டவாளம். தேவாலயத்துக்குள், தீயில் உருகிக் கட்டியாகிக் கிடக்கும் வெண்கல மணி.

நண்பர்களே, இடிந்த சுவர் தானாக அப்படியே நின்றுவிடாது. மழை இறங்கும், உறைபனி கல்லின் இடுக்கைப் பிளக்கும், செடி வேர்விடும். கொத்தனார்கள் சாந்து பூசிக்கொண்டே இருப்பதால்தான் அது இன்றும் இடிபாடாக நிற்கிறது!

கல்லோடு முடிந்ததா வேலை? 1953-இல் போர்தோ நகரில் வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் அல்சாஸ் பகுதிக்காரர்களும் உண்டு. பலர் ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். தீர்ப்பு வந்த சில நாளிலேயே நாடாளுமன்றம் அப்படிச் சேர்க்கப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. ஒரதூர் கொதித்தது. அரசு கட்டிக்கொடுத்த நினைவு மண்டபத்தில் தங்கள் பிள்ளைகளின் எலும்பை வைக்கமாட்டோம் என்றார்கள். மன்னிப்புக்கு வாக்களித்தவர்களின் பெயர்களை ஊர் வாசலிலேயே எழுதி வைத்தார்கள். நினைவுச் சின்னம் தந்துவிட்டால் நீதி தந்ததாகிவிடுமா என்று அந்தக் குடியானவர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தானே?

கணக்கும் முடியவில்லை. ஸ்பெயினிலிருந்து அகதியாக வந்து அங்கே மாண்ட ஓர் அம்மையாரின் பெயர் பட்டியலில் விடுபட்டிருந்தது. பழைய ஏடுகளைப் புரட்டியவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 642 என்பது 643 ஆனது, 2020-இல். எழுபத்தாறு ஆண்டு கழித்து!

நினைவகம் திறக்கும் நாளில் ரிப்பன் வெட்டுவோம், கைதட்டுவோம். அது சுலபம். பத்து வருஷம் கழித்துப் பூச்சு உதிரும்போது கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது யார்? பட்டியலில் விடுபட்டவரைத் தேட ஏட்டைப் புரட்டப்போவது யார்? எந்த நினைவகத்துக்கு அடிக்கல் நாட்ட உங்களை அழைத்தாலும், இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுவிட்டுக் கல்லைத் தொடுங்கள்.