கருச் சோதனையும் பெற்றோர் மனமும்



தலசீமியா பரம்பரையாய் வரும் இரத்த வியாதி. அதன் கூறு தாய் தந்தை இருவரிடமும் இருப்பின், அவர்கள் சுகமாகவே வாழ்வர். ஆயினும் அவர்தம் ஒவ்வொரு மகவும் நோயுடன் பிறக்க நான்கில் ஒரு பங்கு இடமுண்டு. கடும் நோயுற்ற மகவுக்குச் சில வாரங்களுக்கொருமுறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். உறவுக்குள்ளேயே பெண் கொண்டு கொடுக்கும் நம் போன்றோருக்கு இவ்வபாயம் அதிகம். சொல்லக் கூசினும் சொல்லத்தான் வேண்டும்.

கருவைப் புறத்தே உண்டாக்கி, ஐந்தாம் நாளளவில் சில அணுக்களைச் சோதித்து, நோயற்றதையே கருப்பையில் வைக்கும் முறை இப்போதுண்டு. நோயுற்ற பிள்ளையை வளர்த்தவர்களும், கர்ப்பத்தைச் சோதித்துக் கலைக்க நேர்ந்தவர்களும் இதனை நாடுகிறார்கள். வேறு சிலரோ, "ஒதுக்கிய கருவும் உயிரன்றோ?" என்கிறார்கள். அக்கேள்வியை நான் எளிதாய்த் தள்ளேன். செலவும் பெரிது, கரு தங்காமலும் போகும். (ஆணா பெண்ணா என்றறிய இதைக் கேட்பாரும் உளர்; 1994-ம் வருஷத்துச் சட்டம் அதற்கு இடங்கொடாது.)

குலத்துக்கு இழுக்கென்று மறைப்பாரோடுதான் எனக்கு வழக்கு. மறைத்தவர்க்கு, முதற்பிள்ளை நோயுற்ற பின்னரே இம்முறையின் பெயர் காதில் விழுகிறது. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய எழுவரில் ஒருவர் இக்கூறுடையவர். அங்கே 1983-ம் வருஷம் முதல் திருச்சபையார் மணமக்களிடம் இரத்தச் சோதனைப் பத்திரம் கேட்டனர். இருவரிடமும் கூறு கண்டபோதும் பெரும்பாலோர் மணத்தைக் கைவிடவில்லை. முன்னரே அறிந்தமையால் மேற்செய்வதை யோசிக்க அவகாசம் பெற்றனர்.

நம் சங்கச் செலவில், முடிவை மணமக்களுக்கு மட்டும் தெரிவிக்கும்படி, இச்சோதனைக்கு ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.